இடுப்பு வரைதான்

போர்டு தயாரிக்கும் அந்தப் பட்டறையில் காலையிலேயே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரு கையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கை, மேசைமேல் கிடந்த புதுப் பலகையில் இருந்தது. பழுப்பு மணல்; அதன் நடுவே ஐந்து விரலையும் விரித்து வானத்தைப் பார்க்கும் ஒரு கை. ஆளைக் காணோம். கீழே சிவப்பில், கொட்டை எழுத்தில்: ‘ஆபத்து! புதைமணல்! இறங்கினால் விழுங்கிவிடும்!’

“என்னங்க இது?” என்றாள் டீச்சர்.

“ஏன், நல்லா இல்லையா? பார்த்தாலே வயித்தைக் கலக்கணும். அப்பதான் எவனும் இறங்கமாட்டான்” என்றான் போர்டுக்காரன், பலகையின் விளிம்பில் ஒட்டியிருந்த தாளை உரித்துக்கொண்டே.

“வயித்தைக் கலக்குறது சரிங்க. அதுக்காகப் பொய் சொல்லலாமா? புதைமணல் யாரையும் முழுசா முழுங்காது. நம்ம உடம்பைவிட அது ரெண்டு மடங்கு கனம். இடுப்பு வரைதான் போவோம். அதுக்கு மேல போகணும்னு நாமளே நினைச்சாலும் போக முடியாது, மிதந்துடுவோம்.”

“போர்டுல ‘இடுப்பு வரைதான்’னு எழுதினா, குளிக்க இறங்குற மாதிரி துண்டோட வந்துடுவாங்க டீச்சர்.”

கட்டின பெண்டாட்டியை அவன் டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. இன்னும் சரியாகச் சொன்னால் ‘மண் டீச்சர்’. பொறியியல் கல்லூரியில் மண்ணைப் பற்றிப் பாடம் எடுப்பவள். அவளுடைய ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. தொட்டி நிறைய மணல், மணல்மேல் ஒரு செங்கல். அடியிலிருக்கும் குழாயைத் திறந்தால் தண்ணீர் மணலுக்குள் மேல்நோக்கி ஏறும். மணல் துகள்கள் ஒன்றையொன்று விட்டுவிட்டு மிதக்கத் தொடங்கும். கல்லுப்போல் நின்ற செங்கல் ‘களுக்’ என்று உள்ளே போய்விடும். குழாயை மூடினால் மணல் மறுபடி இறுகிவிடும். பிறகு செங்கல்லை எடுக்க வகுப்பே சேர்ந்து மல்லுக்கட்ட வேண்டும். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் கை தட்டுவார்கள். ஒவ்வொரு வருடமும் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருக்கும்: நிஜமான புதைமணலை அவள் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அதனால்தான் இன்று கல்லூரிக்கு லீவு போட்டிருந்தாள். ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு நாய் மாட்டிக்கொண்டு பெரிய அமர்க்களமாகி, அங்கே எச்சரிக்கைப் பலகை வைக்கச் சொல்லி நகர நிர்வாகம் அவள் புருஷனுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. பலகை நட அவன் போகிறான். மணல் எடுக்க இவளும் போகிறாள்.

“அண்ணி, நீங்க கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சா பொழுது சாய்ஞ்சிடும்” என்று வாசலிலிருந்து ஒரு குரல் முழங்கியது. “அண்ணா, நீயும் வாயை மூடு. ஏத்துங்க வண்டியில!”

இது நாத்தனார். போர்டுக்காரனின் தங்கை. டவுன் பஸ் ஓட்டுகிறாள். அவள் பேசினால் அடுத்த தெருவில் ஆள் ஒதுங்கி வழிவிடுவான் என்பதால் வீட்டில் அவளுக்கு ‘ஹாரன்’ என்று பெயர். அன்று அவளுக்கு ஓய்வுநாள். ஓய்வுநாளிலும் ஸ்டீயரிங் பிடிக்காவிட்டால் கை அரிக்கும் என்று அண்ணனுடைய வேனை ஓட்ட வந்திருந்தாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கடல் வெகுதூரம் பின்வாங்கியிருந்தது. கரைச் சாலைக்குக் கீழே ஈர மணல் வெளி தகடுபோல் விரிந்து பளபளத்தது. ஓர் ஆள் கிடையாது. போர்டுக்காரன் கெட்டித் தரை பார்த்துக் குழி தோண்டத் தொடங்கினான். ஹாரன் வேனின் பின்கதவைத் திறந்து பலகைகளையும், நடுவதற்கான பிளாஸ்டிக் குழாய்களையும் இறக்கினாள்.

டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டாள். தோளில் கருவிப் பை, ஒரு கையில் வாளி, மறு கையில் மெல்லிய இரும்புக் கம்பி.

“ரொம்ப தூரம் போகாதே” என்றான் போர்டுக்காரன் குழி தோண்டிக்கொண்டே.

“எனக்கா சொல்றீங்க?” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அடி எடுத்து வைக்கும் முன்பெல்லாம் கம்பியால் குத்திப் பார்த்தாள். ‘டக்’. கெட்டி. அடுத்த அடி. ‘டக்’. கெட்டி. கொஞ்ச தூரம் போனதும் அதைப் பார்த்துவிட்டாள். மற்ற இடமெல்லாம் மங்கலாகக் கிடக்க, ஒரு வட்டம் மட்டும் எண்ணெய் பூசினாற்போல் மினுங்கியது. அதன் நடுவே சின்னச் சின்னக் கொப்புளங்கள் விட்டு விட்டு வெடித்தன. கீழேயிருந்து ஊற்று ஏறுகிறது! தன்னுடைய தொட்டியேதான், குழாயைத் திறந்தவர்தான் யாருமில்லை. விளிம்பில் பூட்ஸால் லேசாக மிதித்தாள். வட்டம் முழுவதும் தளதளவென்று ஆடியது.

“என்னங்க! ஆடுதுங்க! தொட்டா ஆடுது!” என்று கத்தினாள்.

“ஆடுனா வந்துடு!” என்று பதில் வந்தது.

விளிம்பில் குந்தி வாளியில் கொஞ்சம் அள்ளினாள். நடுவிலிருந்து ஒரு பிடி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். கம்பியை எட்டிய மட்டும் நீட்டி நுனியால் லேசாகத் தட்டினாள். ‘டக்’ என்றது. ஒரே ஓர் அடி எடுத்து வைத்தாள்.

கம்பிக்கு என்ன கனம், அவளுக்கு என்ன கனம்!

மேல்தோல் கிழிந்தது. வலது கால் முழங்கால் வரை இறங்கியது. அதை எடுக்க இடது காலை ஊன்றினாள். அது தொடை வரை போனது. வாளி கவிழ்ந்து கெட்டி மணல் பக்கம் உருண்டது. கம்பி எங்கோ விழுந்தது. அந்த முதல் நொடியில் அவளுக்கு வந்தது பயமே அல்ல. நெஞ்சுக்குள் பட்டாசு வெடித்ததுபோல் ஒரு குதூகலம்.

“மாட்டிக்கிட்டேன்! என்னங்க, நிஜமாவே மாட்டிக்கிட்டேன்!”

பரிசு விழுந்தவள் கத்துவது போலிருந்தது அது. அதனால் கரையிலிருந்த இருவருக்கும் விஷயம் புரியச் சற்று நேரமானது.

அதற்குள் டீச்சர் வலது காலை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். யாரோ அடியிலிருந்து இரண்டு கையாலும் பாதத்தைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது. இழுக்க இழுக்க மற்றக் கால் இன்னும் இறங்கியது. ஏன் வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். காலைத் தூக்கினால் அடியில் வெற்றிடம் உண்டாகிறது, அது உறிஞ்சுகிறது. சுற்றியிருக்கும் மணலோ நீரைக் கக்கிவிட்டு இறுகுகிறது. எல்லாம் தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்கவில்லை. அது தன்பாட்டுக்கு முண்டியது, மூச்சிரைத்தது, நெஞ்சு படபடத்தது. முண்டியதற்குக் கூலியாக இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வரை போய் நின்றாள்.

போர்டுக்காரன் மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடிவந்தான்.

“நில்லுங்க! அங்கேயே நில்லுங்க! இன்னும் ஓர் அடி வச்சீங்கன்னா நீங்களும் உள்ள!”

நின்றான். அவனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

“இன்னும் உள்ள போய்க்கிட்டே இருக்கியா?”

“இல்லைங்க, நின்னுட்டேன். இடுப்பு வரைதான்னு சொன்னேன்ல? பாருங்க, சரியா இடுப்பு!”

“இப்ப அதுவா முக்கியம்?”

ஹாரன் சும்மா நிற்கிற ஆள் இல்லை. வேனைக் கரை விளிம்பு வரை பின்னால் கொண்டுவந்து, வண்டி இழுக்கும் கயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“அண்ணி, இடுப்புல கட்டிக்குங்க! சேத்துல மாட்டின பஸ்ஸையே இழுத்திருக்கேன். நீங்க என்ன, ஒரு மிதி மிதிச்சா வந்துடுவீங்க!”

“வேண்டாம்! இழுக்காதே!”

“பிடிவாதம் பிடிக்காதீங்க அண்ணி!”

“இழுத்தா மேல்பாதிதான் வரும், கால் இங்கேயே இருக்கும்! இடுப்பு எலும்பு கழண்டுடும். சொல்றதைக் கேளுடி!”

“அதுக்காகப் பார்த்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?”

போர்டுக்காரன் அதற்குள் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டிருந்தான். ஒலிபெருக்கியில் வைத்தான். ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல் பேசியது: “வண்டி கிளம்பிடுச்சு. பாலத்துல நெரிசல், கொஞ்சம் லேட்டாகும். அதுவரைக்கும் கயிறு கட்டி இழுக்காதீங்க. திரும்பச் சொல்றேன், இழுக்காதீங்க. அவங்களைப் பின்னால சாயச் சொல்லுங்க. பக்கத்துல போகணும்னா பலகை போட்டு, படுத்துக்கிட்டுப் போங்க.”

ஹாரன் கயிற்றைக் கீழே போட்டாள்.

“நான் சொன்னா நம்பமாட்டே. போன்ல சொன்னா நம்புவியா?” என்று டீச்சர் அந்த நிலையிலும் கேட்டாள்.

“உங்களைத் தெரியும்ங்கிறதாலதான் நம்பலை அண்ணி!”

போர்டுக்காரன் அப்போது கடலைப் பார்த்தான். காலையில் கண்ணுக்கே தெரியாமல் இருந்த கடல், இப்போது ஒரு வெள்ளைக் கோடாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு தடித்தது. மணல் வெளியின் பள்ளங்களில் தண்ணீர் நாக்கு நீட்டி நீட்டி முன்னேறியது.

“டீச்சர்” என்றான். குரல் உடைந்திருந்தது. “மணல் இடுப்போட விட்டுடும். சரி. தண்ணி எதோட விடும்?”

டீச்சர் திரும்பிப் பார்த்தாள். முதல்முறையாகப் பயந்தாள். புதைமணலில் செத்தவர்கள் பெரும்பாலும் மணலால் சாவதில்லை. மாட்டிக்கொண்டு நிற்கையில் வந்து சேரும் தண்ணீரால்தான் சாகிறார்கள். வருடா வருடம் இதையும் வகுப்பில் சொல்வாள். சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுவாள்.

“பலகை கொண்டாங்க. எல்லாத்தையும்” என்றாள்.

கொண்டுவந்தார்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு, போர்டுக்காரன் குப்புறப் படுத்து, பல்லி மாதிரி ஊர்ந்து வந்தான். பலகை லேசாக அமிழ்ந்ததே தவிர உள்ளே போகவில்லை. கடைசிப் பலகையை அவள் முதுகுக்குப் பின்னால் தள்ளினான். அதில்தான் அந்தக் கை இருந்தது.

“பையைக் கழட்டு. அதுலயே பாதிக் கனம்.”

அவள் கருவிப் பையைக் கழற்றி அவனிடம் கொடுத்தாள். இனி சாய வேண்டும். சொல்வது சுலபம். தன்னை இழுத்துக்கொண்டிருக்கும் ஒன்றின் மேல், மல்லாக்கப் படுக்கை விரித்தாற்போல் சாய வேண்டும். அவள் முதுகு மறுத்தது. கழுத்து விறைத்தது. நிமிர்ந்து நின்றால்தான் உயிர் என்று உடம்பு ஒரே பிடியாக நின்றது.

“சாயுங்க அண்ணி!” என்று கரையிலிருந்து ஹாரன் முழங்கினாள். “நான் ரிவர்ஸ் எடுக்கறப்ப கண்ணாடியைப் பார்த்து நம்பி எடுக்கிறேன்ல? அப்படிச் சாயுங்க!”

அந்த நேரத்திலும் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் உடம்பு ஒரு நொடி தளர்ந்தது. அந்த நொடியிலேயே கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டாள். தலை போர்டுக்காரனின் கைகளில் விழுந்தது. முதுகு பலகைமேல். கைகளை இருபுறமும் விரித்தாள். மேலே வானம் மட்டும் தெரிந்தது. உடம்பின் பாரம் கால்களிலிருந்து முதுகுக்கு மாறியதை அவளால் உணர முடிந்தது.

“மிதக்கிறேங்க! நிஜமா மிதக்கிறேன்!”

“மிதந்தது போதும், காலை எடு!”

வலது காலை இழுக்கவில்லை. ஆட்டினாள். சுண்டுவிரல் அளவுக்கு முன்னே, சுண்டுவிரல் அளவுக்குப் பின்னே. சின்ன வட்டம். மறுபடி சின்ன வட்டம். காலைச் சுற்றி ஒரு நூல் இடைவெளி உண்டாகி, அதில் தண்ணீர் சில்லென்று இறங்கியது. இறுகியிருந்த மணல் கூழானது. அவளுக்குத் தொண்டை வரைக்கும் உற்சாகம் ஏறியது.

“தண்ணி இறங்குது! இளகுது! பாருங்க, அவசரப்படாம ஆட்டினா இளகுது!”

பூட்ஸ் மட்டும் வரவில்லை. விரலை மடக்கி, குதிகாலை உருவி, பூட்ஸை அதற்கே விட்டுவிட்டு வெறுங்காலை மெல்ல மேலே கொண்டுவந்தாள். சேற்றுக்குள்ளிருந்து ஐந்து விரல்கள் எட்டிப் பார்த்தன. கரையில் ஹாரன் எழுப்பிய கூச்சலுக்குப் பறவைக் கூட்டமே எழும்பிப் பறந்தது.

இடது கால் அப்படி வரவில்லை. அதைத்தான் முதலில் முண்டி முண்டி ஆழப் புதைத்திருந்தாள். சுற்றிலும் மணல் சிமெண்டாக இறுகியிருந்தது. ஆட்டக்கூட இடமில்லை. அதற்குள் தண்ணீரின் முதல் நாக்கு பலகையைத் தொட்டுவிட்டுப் போனது. அடுத்தது அவள் காதைத் தொட்டது.

“அசையலைங்க” என்றாள். இந்த முறை குரலில் பட்டாசு இல்லை.

போர்டுக்காரன் அவள் தலையைத் தன் மார்புக்கு இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டான். அவன் நெஞ்சு அடித்துக்கொள்வது அவளுக்குக் கேட்டது.

அவள் கண்ணை மூடி யோசித்தாள். என்ன வேண்டும்? தண்ணீர். மேலே இருக்கிறது, கீழே இல்லை. காலடிக்குத் தண்ணீர் போக வேண்டும். தொட்டியில் என்ன செய்வோம்? குழாயைத் திறப்போம். குழாய்…

“குழாய்!” என்று அலறினாள். “போர்டு நடுற குழாய்! ஒண்ணைக் கொண்டா! வாளியையும் கொண்டா!”

ஹாரன் கேள்வி கேட்கவில்லை. குழாயைக் கக்கத்தில் இடுக்கி, கைப்பிடியைப் பல்லில் கடித்து வாளியையும் சுமந்துகொண்டு, பலகைமேல் ஊர்ந்து வந்தாள். டவுன் பஸ்ஸை வளைப்பவள் இப்போது பலகையில் நெளிந்தாள்.

“என் தொடையை ஒட்டினாப்புல செருகு. அமுக்காதே, திருகித் திருகி இறக்கு.”

குழாய் இறங்கியது.

“இப்ப மேல் நுனியில தண்ணி ஊத்து. ஊத்திக்கிட்டே இரு!”

தண்ணீருக்குப் பஞ்சமா? கடல்தான் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்ததே. ஹாரன் பலகையிலேயே மண்டியிட்டு வாளியால் மொண்டு குழாய்க்குள் ஊற்றினாள். பாதி வெளியே சிந்தியது, மீதி உள்ளே போனது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. குழாய் நிறைந்து வழிந்தது. ஹாரன் அதைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். ‘குபுக்’கென்று குழாயின் தண்ணீர் மொத்தமும் கீழே இறங்கியது.

“ஆங்! அப்படித்தான்! குலுக்கிக் குலுக்கி ஊத்து!”

“கால் தெரியுதா அண்ணி?”

“தெரியுது! முட்டிக்குக் கீழே சில்லுன்னு இருக்கு! ஊத்து, ஊத்து!”

தண்ணீர் இப்போது அவள் கழுத்தைச் சுற்றி ஏறியிருந்தது. ஓர் அலை வாய்க்குள் புகுந்தது, துப்பினாள். போர்டுக்காரன் ஒரு கையால் அவள் தாடையைத் தாங்கியிருந்தான். அவள் இடது பாதத்தை அசைத்துப் பார்த்தாள். அசைந்தது. நூலளவு. மறுபடி. விரலளவு. ஹாரன் மூச்சு வாங்க ஊற்றினாள், குலுக்கினாள், திட்டினாள், மறுபடி ஊற்றினாள். டீச்சர் வட்டம் போட்டாள், சின்ன வட்டம், கொஞ்சம் பெரிய வட்டம். பூட்ஸுக்குள் குதிகால் வழுக்கியது.

“வருதுங்க… வருது… இழுக்காதீங்க, வருது!”

வந்துவிட்டது. சத்தமே இல்லாமல் வந்தது. இவ்வளவு கூத்துக்கும் பிறகு அந்தக் கால் வெண்ணெயிலிருந்து எடுத்த கத்திபோல் நழுவி மேலே வந்தது.

“எழுந்திருக்காதே!” என்று இந்த முறை கத்தியது போர்டுக்காரன். அவனுக்கும் பாடம் ஏறிவிட்டிருந்தது. மூவரும் எழவில்லை. உருண்டார்கள். பலகையிலிருந்து பலகைக்கு, தண்ணீரும் சேறுமாக, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு உருண்டும் ஊர்ந்தும் கெட்டித் தரைக்கு வந்து சேர்ந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது, அந்த மினுங்கும் வட்டம் இருந்த இடமே தெரியவில்லை. எங்கும் தண்ணீர். குழாயின் நுனி மட்டும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. கடைசிப் பலகை, கைப் படத்தோடு, கடலோடு போய்விட்டது.

தீயணைப்பு வண்டி வந்தபோது மூவரும் வேனின் பின்படியில் உட்கார்ந்திருந்தார்கள். யார் முகம் யாருடையது என்று தெரியாத அளவுக்குச் சேறு. வந்தவர்களின் தலைவர் நடந்ததைக் கேட்டார். குழாய் விஷயம் வந்ததும் புருவத்தை உயர்த்தினார்.

“நாங்களும் அதைத்தான் பண்ணுவோம்மா. எங்க கிட்ட அதுக்குன்னே பம்பு இருக்கு, நீளக் குழாயில தண்ணியை அடிச்சு…”

“பம்பா?” டீச்சர் துள்ளி எழுந்தாள். “எவ்வளவு அழுத்தத்துல அடிப்பீங்க? குழாய் நுனியில ஓட்டை ஒண்ணா, நிறையவா? ஒரு நாள் எங்க காலேஜுக்குக் கொண்டுவந்து காட்டுவீங்களா?”

தலைவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போர்டுக்காரன் வெடித்துவிட்டான்.

“செத்திருப்பே! தெரியுதா உனக்கு? இன்னும் கொஞ்சம் லேட்டாகியிருந்தா செத்திருப்பே! இங்க நின்னு ஓட்டை ஒண்ணா ரெண்டான்னு கேட்டுக்கிட்டு இருக்கே!”

அவன் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. கத்திவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கரையோரமாக நடந்து போனான். தோள்கள் குலுங்கின. டீச்சர் அவன் பின்னால் போக ஓர் அடி வைத்தாள். அடுத்த அடி வைக்க வரவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஹாரன் ஒன்றும் பேசாமல் தன் துண்டை எடுத்து அவள் தலையில் போர்த்தினாள். ஹாரன் பேசாமல் இருந்தது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான்.

புதுப் பலகைகள் அந்த வாரமே நடப்பட்டன. அவற்றில் என்ன எழுதுவது என்பதில் இருவருக்கும் சண்டை வரவில்லை. ‘புதைமணல்! கடல் தண்ணீர் ஏறும் இடம். மாட்டிக்கொண்டால் மல்லாக்கச் சாயுங்கள். யாரும் இழுக்க வேண்டாம்’ என்று அவனே எழுதி, கீழே தீயணைப்பு நிலையத்தின் எண்ணையும் போட்டான்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று வீட்டுக்கு வந்ததும் டீச்சர் குளியலறையில் வெகுநேரம் இருந்தாள். காதிலிருந்து, முடியிலிருந்து, நகத்திலிருந்து மணல் வந்துகொண்டே இருந்தது. குளித்துவிட்டு வந்து, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, பேச ஆரம்பித்தாள். மணல் எப்படி ஆடியது, எப்படி இறுகியது, தண்ணீர் இறங்கியபோது எப்படி இருந்தது என்று கண்கள் மின்ன, கைகளை வீசி, நிறுத்தாமல் பேசினாள். போர்டுக்காரன் அவள் காலடியில் உட்கார்ந்து, இடது கணுக்காலில் கன்றிப்போயிருந்த இடத்தில் மருந்து தடவிக்கொண்டே ‘உம்’ கொட்டினான்.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டான்: “சாயறப்ப பயமா இருந்துச்சா?”

டீச்சர் வீசிக்கொண்டிருந்த கைகளை மடியில் வைத்தாள்.

“ரொம்ப” என்றாள். “சாய்ஞ்சா நீங்க பிடிப்பீங்கன்னு தெரியும். தெரிஞ்சும் முதுகு வரமாட்டேன்னுச்சு.”

அவன் தலையாட்டினான். மருந்து டப்பாவை மூடிவிட்டு, மறு காலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

“சரி, சொல்லு” என்றான். “அந்தக் கொப்புளம் எதுக்கு வருதுன்னு சொன்னே?”